1 சாமுவேல் 13:21இல் வரும் ‘பீம்’: அரமா, எடைக்கல்லா?

வேதவாசகன் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். சாமுவேலின் முதலாம் புத்தகம் 13ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியைப் பற்றித் தெளிவு வேண்டி இவ்விழையைத் தொடங்குகிறேன். எபிரெயர் வாளோ ஈட்டியோ செய்துவிடக் கூடாது என்று பெலிஸ்தர் கருதியதால் இஸ்ரவேல் நாடெங்கும் ஒரு கொல்லனும் இல்லாமற்போனான் என்றும், தம் கொழுவையும் கோடரியையும் தீட்டிக்கொள்ள உழவர் அனைவரும் பெலிஸ்தரிடமே இறங்கிப் போக வேண்டியிருந்தது என்றும் 19, 20ஆம் வசனங்கள் கூறுகின்றன. இவற்றை அடுத்துவரும் 21ஆம் வசனத்தில் நம் பழைய திருப்புதல் (பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு), அக்கருவிகளைக் கூர்மையாக்குவதற்கு ‘அரங்கள் மாத்திரம்’ இஸ்ரவேலரிடம் இருந்ததாகச் சொல்கிறது. கையில் அரம் இருந்தவர்கள் தீட்டுவதற்காக எதிரியின் ஊருக்கு ஏன் போனார்கள்? அண்மைக்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அரத்தையே காணோம். அவ்விடத்தில் கூலி மூன்றில் இரண்டு சேக்கல் (வெள்ளியை நிறுக்கும் எபிரெய எடை) என்று இருக்கிறது. ஒரே மூலத்திலிருந்து இவ்வளவு வேறுபட்ட இரு பொருள்கள் எவ்வாறு பிறந்தன என்பதை எபிரெயம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

சுவடிநேயன் எழுதியது:

நல்ல வினா, ஐயா. இவ்வசனத்தின் தொடக்கம் ‘வெஹாயெதா ஹப்பெட்சிரா பீம்’ என்பது. முதற்சொல் ‘இருந்தது’ அல்லது ‘ஆயிற்று’ என்று பொருள்படும்; அதில் ஐயமில்லை. அடுத்த இரு சொற்களாகிய ‘பெட்சிரா’, ‘பீம்’ ஆகியவை எபிரெய வேதாகமத்தில் வேறெங்கும் வருவதில்லை. சற்றுத் தள்ளி நிற்கும் ‘கில்லெஷோன்’ என்பதும் அப்படியே. ஒருமுறை மட்டுமே வரும் சொற்கள் எபிரெய வேதாகமத்தில் ஆயிரத்துக்கு மேல் உண்டு என்றாலும், அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வேர்ச்சொல்லோ உறவுமொழிச் சொல்லோ துணை நிற்கும். இங்கோ ஒரே வசனத்தில் மூன்று சொற்கள் உறுதியான துணையின்றி நிற்கின்றன.

அரம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்கிறேன். எபிரெயத்தில் வாய் என்பதற்கு ‘பெ’ என்று பெயர். வாளின் கூர்விளிம்பை ‘வாளின் வாய்’ என்பது அம்மொழியின் வழக்கு. கத்தியின் வாய் மழுங்கிவிட்டது என்று நாமும் சொல்வதால் இது நமக்கு விளங்கும். ‘பீம்’ என்பதை இந்தச் சொல்லின் பன்மையாகக் கொண்டு, ‘வாய்கள் பல உடைய கருவி’, அதாவது பல விளிம்புகள் கொண்ட அரம், என்று 11ஆம் நூற்றாண்டில் யூத உரையாசிரியர் ராஷி உரை எழுதினார். அவருக்கு முற்பட்ட அராமேய மொழிபெயர்ப்பாகிய தர்கூமும் அரம் என்றே கொண்டது. 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் ஆங்கில மொழிபெயர்ப்பு அவ்வழியே சென்றது. நம் பழைய திருப்புதலை 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையிலான குழு செய்தபோது, கற்றோரிடையே பரவலாக இருந்த விளக்கம் இது. அவர்களைக் குறைசொல்ல இடமில்லை.

ஆனால் இவ்விளக்கத்தில் இலக்கணக் குறை ஒன்று உண்டு. ‘பெ’ என்பதன் பன்மை நீதிமொழிகள் போன்ற நூல்களில் ‘பியோத்’ என்ற வடிவத்தில்தான் வருகிறது. ‘பீம்’ என்று எங்கும் இல்லை. மேலும் ‘பெட்சிரா’ பிறந்ததாகத் தோன்றும் வேருக்கு ‘வற்புறுத்து, நெருக்கு’ என்பதே பொருள்; சோதோமில் லோத்து தன் விருந்தினரை வருந்தி அழைத்தான் என்னுமிடத்தில் (ஆதியாகமம் 19:3) அவ்வேர் வருகிறது. வற்புறுத்துவதிலிருந்து அரத்துக்கு வழி காண்பது கடினம். வற்புறுத்தி வாங்கும் தொகைக்கு வழி காண்பது அவ்வளவு கடினமன்று.

இச்சூழலில்தான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பழைய யூதா நாட்டுப் பகுதியிலிருந்து சிறு எடைக்கற்கள் சில அறிஞர் கைக்கு வந்தன. பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. அடி தட்டையாகவும் மேற்புறம் குவிமாடம்போல் உருண்டும் இருப்பவை. அவற்றுள் சிலவற்றின் உச்சியில் பழைய எபிரெய எழுத்தில் மூன்றே எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன: பே, யோத், மேம். நம் வசனத்தில் இருக்கும் அதே மூன்று எழுத்துகள். அவ்வாறு பொறித்த கற்கள் பின்னர் மேலும் பல கிடைத்தன; அவற்றின் எடை 7.8 கிராமை ஒட்டி நிற்கிறது. யூதாவின் சேக்கல் ஏறத்தாழ 11.3 கிராம். ஆகவே பீம் என்பது சேக்கலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 1940இல் அறிஞர் ஈ. ஏ. ஸ்பெய்சர், மூன்றில் இரண்டு என்று பொருள்படும் அக்காதிய (பழைய மெசொப்பொத்தேமிய மொழி) சொல்லாகிய ‘ஷினிபு’வோடு இதை ஒப்பிட்டு எழுதினார். சகரியா 13:8இல் ‘இரண்டு பங்கு’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெயம் ‘பி ஷெனாயிம்’, அதாவது ‘இரண்டு வாய்’, என்கிறது. மூன்றாம் பங்கு தனியே சொல்லப்படுவதால் அங்கும் பொருள் மூன்றில் இரண்டுதான்.

இனி வசனம் தெளிவாகிறது: ‘கொழுக்களுக்கும் மண்வெட்டிகளுக்கும் தீட்டுகூலி ஒரு பீம் ஆயிற்று.’

பட்டறைவாசி எழுதியது:

எனக்கு எபிரெயம் தெரியாது. கொல்லுப்பட்டறை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன் என்ற அளவில் ஒன்று சொல்கிறேன். தேய்ந்த கொழுவை யாரும் அரத்தால் ராவிக் கூர்மையாக்குவதில்லை. உலையில் காய்ச்சி, பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்து நுனியை நீட்டி, பிறகு நீரில் தோய்த்துப் பதம் ஏற்றுவார்கள். கொழு மிகவும் தேய்ந்திருந்தால் புது இரும்புத் துண்டு வைத்துப் பற்றவைப்பதும் உண்டு. கோடரிக்கும் மண்வெட்டிக்கும் இதே வேலைதான். அரமோ சாணையோ கடைசியில் வாயைச் சீர்செய்ய மட்டுமே. உலையும் துருத்தியும் அடிக்கத் தெரிந்த கையும் இல்லாத ஊரில் அரம் மட்டும் இருந்து பயனில்லை. தீட்டுவதற்காக மலையிலிருந்து இறங்கிப் போனார்கள் என்றால், அவர்கள் தேடிப்போனது உலையைத்தான்.

சுவடிநேயன் எழுதியது:

பட்டறைவாசி ஐயா கூறியது மூலத்தோடு மிகவும் பொருந்துகிறது. 20ஆம் வசனத்தில் ‘தீட்டிக்கொள்ள’ என்ற இடத்தில் வரும் வினைச்சொல் ‘லாத்தஷ்’. ஆதியாகமம் 4:22இல் வெண்கலமும் இரும்பும் கொண்டு வேலை செய்த தூபால்காயீனைக் குறிப்பதும் இதே வினைதான். அதாவது ஆசிரியர் மனத்தில் இருப்பது கொல்லனின் வேலை; உழவன் வீட்டு முற்றத்தில் அமர்ந்து செய்யும் வேலை அன்று.

மூலபாடன் எழுதியது:

எடைக்கல் விளக்கம் இன்று பரவலாக ஏற்கப்பட்டிருப்பதை அறிவேன். ஆயினும் அதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு முன் இரண்டு தடைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்டுவாஜிந்த். அங்கே இவ்வசனம், அறுவடை அறுக்கத் தயாராக இருந்தது என்று தொடங்குகிறது. கிரேக்கத்தில் பெயர்த்தவர் ‘ஹப்பெட்சிரா’ என்று படிக்கவில்லை; திராட்சை அறுவடையைக் குறிக்கும் ‘பாட்சிர்’ என்ற சொல்லைக் கண்டதாகவே தோன்றுகிறது. பே, பேத் என்ற இரண்டு எழுத்துகளுக்கு இடையே நேர்ந்த மயக்கம் இது. எனவே அவர் கையிலிருந்த சுவடி வேறாக இருந்திருக்கலாம். லத்தீன் மொழிபெயர்ப்பாகிய வுல்காத்தாவோ அரமும் சொல்லவில்லை, அறுவடையும் சொல்லவில்லை. கொழுக்களின் முனை மழுங்கிப்போயிருந்தது என்கிறது. மூன்று மொழிபெயர்ப்புகள் மூன்று திசையில் செல்லும்போது, மூலமே சிதைந்திருக்கிறது என்று ஐயுறுவதே முறை. இதே அதிகாரத்தின் முதல் வசனத்தில் இஸ்ரவேலின் அரசன் சவுலின் வயதைக் குறிக்கும் எண் விடுபட்டுப்போய், அவன் அரசனானபோது ஒரு வயதினன் என்று பொருள்படும் நிலையில் எபிரெயம் இருப்பதை நாம் அறிவோம். இந்த அதிகாரம் நல்ல நிலையில் நம்மிடம் வந்து சேரவில்லை.

இரண்டாவது, காலம். பீம் என்று பொறித்த கற்கள் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலான யூதா நாட்டைச் சேர்ந்தவை. சவுலின் காலமாகக் கொள்ளப்படுவது கி.மு. 11ஆம் நூற்றாண்டு. முந்நூறு ஆண்டு இடைவெளியை மூன்று எழுத்துகளின் ஒற்றுமையால் மட்டும் கடந்துவிட முடியுமா?

நிறைகோல் எழுதியது:

மூலபாடன் அவர்களின் முதல் தடையைப் பற்றி மட்டும் ஒரு சொல். கிரேக்கத்தின் முதற்பாதியை எடுத்துக்காட்டிய அவர் பிற்பாதியை விட்டுவிட்டார். அறுவடையைச் சொன்ன பிறகு அதே வசனம், கருவிகளுக்கு ‘மூன்று சேக்கல்’ என்று தொடர்கிறது. ‘ஷெலோஷ் கில்லெஷோன்’ என்ற எபிரெயத் தொடரில் மூன்று என்ற எண்ணும், சேக்கலை ஒத்த ஏதோ ஒரு சொல்லும் கண்ணில் பட்டதால் அவ்வாறு பெயர்த்திருக்க வேண்டும். தொகை தவறாக இருக்கலாம். ஆனால் கி.மு. 2ஆம் நூற்றாண்டளவில் இவ்வசனத்தோடு போராடிய ஒருவர், இது கூலியைப் பற்றியது என்று உணர்ந்திருக்கிறார். அரத்துக்கு அவரிடம் இடமில்லை.

இனி எடையின் பொருளாதாரத்துக்கு வருகிறேன். என் ஈடுபாடு அதில்தான். அக்காலத்தில் நாணயம் கிடையாது. லீதியாவில் முதல் நாணயங்கள் அடிக்கப்பட்டது பின்னாளில்தான். பலஸ்தீனத்தில் வெட்டிய வெள்ளித் துண்டுகளையும் நொறுங்கிய நகைகளையும் தராசில் நிறுத்துக் கொடுத்தார்கள். எரேமியா ஆனதோத்து நிலத்துக்காகப் பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்ததாக 32ஆம் அதிகாரம் சொல்கிறது. எடைக்கல்லை எபிரெயர் ‘கல்’ என்றே அழைத்தனர்; உபாகமம் 25:13 பையில் பெரிதும் சிறிதுமான இருவகைக் கற்களை வைத்திருக்கக் கூடாது என்று தடுப்பதும் இதைத்தான். நம் திருப்புதலில் பல இடங்களில் ‘வெள்ளிக்காசு’ என்று வருவதால், அடித்த காசு ஒன்றை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அதை மறந்துவிட்டு வாசிப்பது நல்லது.

அப்படியானால் ஒரு பீம் வெள்ளி எவ்வளவு பெரிய தொகை? நியாயாதிபதிகள் 17:10இல் மீகா என்பவன் ஒரு லேவியனைத் தன் வீட்டு ஆசாரியனாக அமர்த்தி, உடையும் உணவும் தவிர ஆண்டுக்குப் பத்து வெள்ளி தருவதாகச் சொல்கிறான். பத்துச் சேக்கலில் ஒரு பீம் பதினைந்தில் ஒரு பங்கு. ஏறத்தாழ இருபத்துநான்கு நாள் சம்பளம். அந்த வசனத்தின் காலமும் இதன் காலமும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை; அளவு விளங்குவதற்காகவே சொல்கிறேன். ஒரு கொழுவுக்கு இத்தொகையா, ஒரு வீட்டின் கருவிகள் அனைத்துக்கும் சேர்த்தா என்பதையும் வசனம் தெளிவாகச் சொல்லவில்லை. எப்படியாயினும் நியாயமான கூலி அன்று. அரம் இருந்தது என்று படித்தால் 21ஆம் வசனம் இஸ்ரவேலருக்கு ஆறுதலாக அமைகிறது. பீம் என்று படித்தால் அடுத்த வசனத்தில் சவுலுக்கும் அவன் மகன் யோனத்தானுக்கும் தவிர வேறெவருக்கும் வாளும் ஈட்டியும் இல்லை என்று வரும் அவலத்துக்கு அது படிக்கல்லாகிறது. கதையின் ஓட்டம் இரண்டாவதையே கேட்கிறது.

கணக்கில் ஓர் இடறலும் உண்டு. யாத்திராகமம் 30:13 ஒரு சேக்கல் இருபது கேரா (சேக்கலின் சிறு கூறு) என்கிறது. இருபதில் மூன்றில் இரண்டு முழு எண்ணாக வராது. 24 கேரா கொண்ட சேக்கல் யூதாவில் வழங்கியது என்று கொள்வோருக்குப் பீம் சரியாகப் பதினாறு கேரா ஆகிறது. மேலும் 11.3இல் மூன்றில் இரண்டு 7.5 கிராம்தான், கற்களோ சற்றுக் கனமாக இருக்கின்றன. யூதாவின் எடைக்கற்களை முழுமையாகத் தொகுத்து 1998இல் ராஸ் க்ளெட்டர் வெளியிட்ட ஆய்வைப் பார்ப்பவர்கள், கையால் செதுக்கிய கற்களில் இத்தகைய வேறுபாடு இயல்பே என்பதைக் காண்பார்கள். மூன்றில் இரண்டு என்பது விகிதம். நகைக்கடைத் துல்லியம் அன்று.

விசுவாசி எழுதியது:

இவ்விழையை மகிழ்ச்சியோடு வாசித்துவருகிறேன். வேதாகமம் பிற்காலத்தில் புனையப்பட்ட கதை என்போருக்கு இந்த ஒரு சொல்லே போதுமான மறுமொழி அல்லவா? மண்ணுக்குள் கிடந்த கல் சவுலின் காலத்து நிகழ்ச்சியை மெய்ப்பித்துவிட்டதே.

சுவடிநேயன் எழுதியது:

சகோதரரே, கல் சொல்வதற்குமேல் நாம் சொல்லக் கூடாது. மூலபாடன் அவர்களின் இரண்டாம் தடைக்கும் இதிலேயே விடை இருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

எருசலேமும் யூதா நாடும் கி.மு. 586இல் பாபிலோனியரிடம் வீழ்ந்தன. அந்த அரசோடு அதன் எடைமுறையும் மறைந்தது. பின்வந்த பாரசீக, கிரேக்கக் காலங்களில் பீம் என்ற எடை வழக்கில் இல்லை. அதனால்தான் கிரேக்க மொழிபெயர்ப்பாளருக்கே அச்சொல் விளங்கவில்லை. பாரசீகக் காலத்திலோ அதற்குப் பின்னரோ அமர்ந்து முழுவதையும் புனைந்த ஒருவருக்கு, வழக்கொழிந்த ஓர் எடையின் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தொல்லியலாளர் வில்லியம் டீவர் 2001இல் இந்தச் சொல்லை முன்வைத்து இவ்வாறுதான் வாதிட்டார். அந்த அளவுக்கு வாதம் வலிமையானது என்பது என் கருத்து.

ஆனால் அது நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் யூதா அரசின் பிற்காலம். சவுலின் காலம் அன்று. இவ்வரியை எழுதியவர் கி.மு. 8 அல்லது 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, தம் காலத்துச் சந்தையில் வழங்கிய எடையால் பழங்கூலியை வாசகருக்கு விளங்கவைத்திருக்கலாம். பொறிக்கப்படாத கற்களோடு இந்த எடை அதற்கு முன்பே இருந்திருக்கவும் கூடும். எழுத்துப் பொறிக்கும் பழக்கம் பிற்பட்டது என்பதால் எடையும் பிற்பட்டது என்று ஆகிவிடாது. ஆகவே மூலபாடன் கூறும் முந்நூறு ஆண்டு இடைவெளி, சொல்லின் பொருளைத் தடுக்கவில்லை. அச்சொல்லைக் கொண்டு நிகழ்ச்சியை மெய்ப்பிக்க முயல்வோரைத்தான் தடுக்கிறது.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். பெலிஸ்தர் இரும்புத் தொழிலைத் தம் கையில் மட்டும் வைத்திருந்தனர் என்ற பழைய கருத்துக்கு அகழாய்வில் போதிய சான்று இல்லை. அக்காலத்து இரும்புப் பொருள்கள் பெலிஸ்தர் நகரங்களில் மட்டும் குவிந்திருக்கவில்லை. மலைநாட்டிலும் வடக்கிலும் கிடைக்கின்றன. மூலத்தின் 19ஆம் வசனமும் கொல்லன் என்றுதான் சொல்கிறது. இரும்பு என்று சொல்லவில்லை. நாம் சேர்த்துப் படித்த இரும்பு அது.

மூலபாடன் எழுதியது:

பீம் எடையே என்பதில் இனி நான் வழக்காடவில்லை. நிறைகோல் அவர்கள் காட்டிய கதையோட்டம் எனக்கும் பொருத்தமாகவே படுகிறது. ஆனால் புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகள் ஓரடி மேலே சென்று, கவைகளுக்கும் கோடரிகளுக்கும் ‘மூன்றில் ஒரு சேக்கல்’ என்று இரண்டாவது கூலியையும் சேர்த்திருக்கின்றன. இதை ஏற்கத் தயங்குகிறேன். எபிரெயத்தில் ‘கொழுக்களுக்கும், மண்வெட்டிகளுக்கும்’ என்று வரும் வரிசையில் அதே வேற்றுமை முன்னொட்டோடுதான் ‘ஷெலோஷ் கில்லெஷோன்’ என்பதும் நிற்கிறது. வரிசையில் நிற்கும் ஒரு கருவியின் பெயராக, மூன்று பல் கொண்ட கவையாக, அதைக் கொள்வதே நேரிய வாசிப்பு. நம் பழைய திருப்புதல் ‘முக்கூருள்ள ஆயுதங்கள்’ என்று கொண்டது அவ்வழியில்தான். மூன்றில் ஒன்று என்று படிக்க வேண்டுமானால் அந்த முன்னொட்டை நீக்க வேண்டும். கில்லெஷோனுக்கு வேறு பொருளும் தேட வேண்டும்.

சுவடிநேயன் எழுதியது:

1942இல் ராபர்ட் கோர்டிஸ் முன்வைத்த திருத்தத்தின் வழிவந்த வாசிப்பு அது. அதற்குச் சார்பாக ஒன்று சொல்லலாம்: அடுத்துவரும் கோடரி என்ற சொல்லில் முன்னொட்டும் சுட்டிடைச்சொல்லும் ஒன்றோடொன்று இணையாமல் தனித்தனியே நிற்கின்றன. எபிரெயத்தில் அது இயல்பான வடிவம் அன்று. ஆகவே அவ்விடத்தில் எழுத்தர் கை தடுமாறியிருக்கிறது என்பது உண்மை. தடுமாற்றம் இருந்தது என்பதால் இந்தத் திருத்தம்தான் சரி என்று ஆகிவிடாது. பீமுக்குக் கல் இருக்கிறது. மூன்றில் ஒன்றுக்கு ஊகம் மட்டுமே இருக்கிறது. இரண்டையும் ஒரே உறுதியோடு அச்சிடுவது எனக்கும் உடன்பாடன்று.

வேதவாசகன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வேதபாட வகுப்புக்கான குறிப்பில் இவ்வசனத்தைப் பின்வருமாறு எழுத எண்ணுகிறேன்: ‘கொழுக்களுக்கும், மண்வெட்டிகளுக்கும், முப்பல் கவைகளுக்கும், கோடரிகளுக்கும், தாற்றுக்கோலின் முள்ளைப் பொருத்துவதற்கும் கூலி ஒரு பீம் ஆயிற்று.’ பீம் என்பதைச் ‘சேக்கலில் மூன்றில் இரண்டு’ என்று வசனத்துக்குள்ளேயே விரித்துவிடலாமா, அல்லது மூலச்சொல்லை அப்படியே நிறுத்தலாமா?

நிறைகோல் எழுதியது:

பீம் என்றே நிறுத்துங்கள். அளவைக் கீழே குறிப்பாகத் தாருங்கள். ஆதியாகமம் 24:22இல் ‘பெக்கா’ என்ற எடையை நம் திருப்புதல் அரைச்சேக்கல் என்று விரித்ததால், அப்படி ஓர் எடைக்குத் தனிப்பெயர் இருந்தது என்பதே தமிழ் வாசகருக்குத் தெரியாமற்போயிற்று. கவையைப் பொறுத்தவரை, மூலபாடன் அவர்களின் தயக்கத்தையும் அதே குறிப்பில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்; வகுப்பில் ஆங்கில வேதாகமம் வைத்திருப்பவர்கள் ‘மூன்றில் ஒன்று எங்கே?’ என்று கேட்பார்கள்.